அழியா நினைவகமும் அயரா விழிப்பும்

மறதி மனிதனின் இயல்பு. நினைவு அவனது முயற்சி. நெஞ்சில் வைத்தது நழுவும் என்று கண்ட மனிதன் கல்லில் வெட்டினான், செப்பேட்டில் பொறித்தான், ஓலையில் கீறினான், தாளில் அச்சிட்டான். இன்று அவன் தன் கடிதங்களையும் கணக்குகளையும், பெற்றோர் குரலையும் குழந்தைகளின் முகத்தையும் விரல் நகம் அளவே உள்ள ஒரு சில்லுக்குள் அடக்கி வைக்கிறான். மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை விடாமல் வைத்திருப்பதால் இதனை 'அழியா நினைவகம்' என்கிறோம். பென் டிரைவ், கைபேசிக்குள் இருக்கும் சேமிப்பகம், மெமரி கார்டு, கணினியின் எஸ்.எஸ்.டி. ஆகிய யாவும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

அப்பெயர் பாதி உண்மையே உடையது. அழியா நினைவகமும் மறக்கும்; மெல்ல மெல்ல, ஓசையின்றி மறக்கும். அது மறப்பதைப் பொறியியலார் எவ்வாறு தடுக்கின்றனர், தடுக்க இயலாதபோது எவ்வாறு திருத்துகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயற்பியல் வகுப்பறையில் நிற்பவனுக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்த்துறைத் தலைவர் கட்டுரை கேட்டபோது எனக்கும் அவ்வையம் எழுந்ததுண்டு. ஆயினும் எழுத்து, எழுத்தில் நேரும் பிழை, அப்பிழையின் திருத்தம் ஆகிய மூன்றும் தமிழ் பயில்வோர்க்கு உரிய பொருள்கள் அல்லவோ? எழுதப்படும் இடம் ஓலையாயின் என்ன, சிலிக்கானாயின் என்ன என்னும் துணிவே என்னை எழுதத் தூண்டியது.

சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் ஒரு புதிய டிரான்சிஸ்டர் அமைப்பை வெளியிட்டனர். டிரான்சிஸ்டரின் உள்ளே, எந்தக் கம்பியோடும் தொடர்பில்லாத ஒரு சிறு தகட்டை மின்காப்புப் பொருளால் சூழ்ந்து வைத்தனர். அதற்கு 'மிதக்கும் வாயில்' என்று பெயர். அதனுள் எலக்ட்ரான்களைச் செலுத்திவிட்டால் அவை வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். எலக்ட்ரான் நிறைந்த அறை ஓர் எழுத்து. ஒழிந்த அறை மற்றோர் எழுத்து. கணினி அறிந்த சுழி, ஒன்று என்னும் இரண்டு எழுத்துகளுக்கு இதுவே போதுமானது.

1971இல் இன்டெல் நிறுவனத்தில் இருந்த டோவ் ஃப்ரோமன் இவ்வகையில் ஒரு நினைவகம் செய்தார். அதில் எழுதியதை அழிக்கச் சில்லின் மேலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே புறஊதா ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்ச வேண்டியிருந்தது. பின்னர் 1984இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா, ஒரு பெரும் பகுதியை ஒரே நொடிப்பில் மின்னழுத்தத்தால் அழிக்கும் முறையை அறிவித்தார். ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால் அதற்குப் 'பிளாஷ்' என்று அவருடைய உடன்பணியாளர் ஒருவர் பெயர் சூட்டினார். 1987இல் அதே குழுவினர் அறிவித்த 'நேண்ட்' என்னும் அமைப்பே இன்று நம் சட்டைப்பைக்குள் இருப்பது.

எலக்ட்ரான்களைச் சிறையிட்டிருக்கும் காப்புப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 8 நானோமீட்டர். அஃதாவது ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எழுதும்போதும் அழிக்கும்போதும் ஏறக்குறைய 20 வோல்ட் அழுத்தத்தால் எலக்ட்ரான்கள் அப்படலத்தை ஊடுருவிச் செல்கின்றன. சுவரில் வாயில் இல்லை. ஆயினும் சுவரைக் கடக்கின்றன. குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் இவ்விந்தையே எழுதுவதற்கு வழி செய்கிறது. பின்னாளில் எழுதியது கசிந்து போவதற்கும் அதுவே ஒரு வழியாகிறது. வரவுக்கும் செலவுக்கும் ஒரே கதவு என்பது போலத்தான்.

பிழை பிறக்கும் இடங்கள்

பிழைகள் நான்கு வழிகளில் பிறக்கின்றன.

முதலாவது, தேய்மானம். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் காப்புப் படலம் சிறிது சிதைகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் எழுதும் பழைய முறையில் ஏறத்தாழ 1,00,000 முறை எழுதி அழிக்கலாம். மூன்று பிட் எழுதும் இன்றைய சில்லுகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை சில ஆயிரங்களே.

இரண்டாவது, கசிவு. எழுதி வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. படலம் தேய்ந்திருப்பின் விரைவாக நழுவும். வெப்பம் மிகுந்திருப்பின் இன்னும் விரைவாக நழுவும்.

மூன்றாவது, அண்டை அறைகளின் தாக்கம். ஓர் அறையில் எழுதும்போது பக்கத்து அறையின் அளவும் சற்றே மாறிவிடுகிறது.

நான்காவது, படித்தலால் வரும் கேடு. ஓர் அறையைப் படிக்கும்போதெல்லாம் அதே வரிசையிலுள்ள ஏனைய அறைகளின் மீதும் சிறிதளவு மின்னழுத்தம் விழுகிறது. பல்லாயிரம் முறை படித்தால் படிக்கப்படாத அறைகளிலும் பிழை தோன்றும்.

இந்நான்கையும் பெரிதாக்குவது நமது ஆசை. ஒரு குடத்தில் நீர் உண்டா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது எளிது. அதே குடத்தில் பதினாறு கோடுகள் இட்டு, நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதோ கடினம். ஓர் அறையில் இரண்டு பிட் எழுத நான்கு நிலைகளும், மூன்று பிட் எழுத எட்டு நிலைகளும், நான்கு பிட் எழுதப் பதினாறு நிலைகளும் வேண்டும். மிகச் சிறிய அறைகளில் ஒரு நிலையையும் அடுத்த நிலையையும் பிரித்துக் காட்டுவன சில பத்து எலக்ட்ரான்களே. 2013இல் சாம்சங் நிறுவனம் அறைகளை மாடி மேல் மாடியாக அடுக்கும் முறையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன்பின் அறையைச் சிறிதாக்கும் நெருக்கடி சற்றுத் தணிந்தது. எனினும் குடத்தில் கோடுகள் கூடிக்கொண்டே வந்துள்ளன. மலிவு வேண்டும், கொள்ளளவு வேண்டும் என்று நாம் கேட்டோம், கேட்டது கிடைத்தது, உடன் பிழையும் வந்தது.

ஒரு மெமரி கார்டும் ஒரு தந்தையின் குரலும்

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை அவர் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மெமரி கார்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"சார், எங்க வாப்பா குரல் இதுல இருக்கு. வேற எங்கயும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அவருடைய தந்தையார் இளமையில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு சென்று கடையில் வேலை பார்த்தவர். அந்தப் பயணத்தையும், அங்கு கண்ட மனிதர்களையும், ஊர் திரும்பி வீடு கட்டிய கதையையும் மகனிடம் மாலைதோறும் சொல்லியிருக்கிறார். மகன் அவற்றைக் கைபேசியில் பதினொரு பதிவுகளாக எடுத்துள்ளார். அப்பொழுதே அந்த அட்டை நான்கைந்து ஆண்டுகள் பாட்டும் படமும் ஏற்றியும் அழித்தும் பயன்பட்ட பழைய அட்டை. புதிய கைபேசி வாங்கியதும் அட்டையைக் கழற்றி ஒரு தகரப் பெட்டியில் இட்டு, ஓட்டு வீட்டின் பரணில் பத்திரமாக வைத்துவிட்டார். ஆறு கோடைகள் கடந்தன. தந்தையார் காலமானார். அதன் பின்னரே பெட்டி திறக்கப்பட்டது.

அவர் மீது குறை காண்பதற்கில்லை. அரிய பொருளைப் பெட்டியில் இட்டுப் பூட்டி, எட்டாத இடத்தில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழிவழியாக வந்த பாதுகாப்பு. பொன்னுக்கும் பத்திரத்துக்கும் அது பொருந்தும். எலக்ட்ரானுக்குப் பொருந்தாது. தேய்ந்த படலம், ஓட்டுக் கூரையின் கீழ்க் கோடை வெப்பம், தீண்டப்படாத நெடுங்காலம் என்னும் மூன்றும் ஒருங்கே கூடிய இடமாக அப்பரண் அமைந்துவிட்டது.

நானும் ஆய்வுக்கூட உதவியாளரும் மூன்று நாள்கள் அந்த அட்டையோடு போராடினோம். வெவ்வேறு கருவிகளில் இட்டு மீண்டும் மீண்டும் படித்தோம். ஒரு முறை படியாத பகுதி மறுமுறை படிவதும் உண்டு. முடிவில் ஏழு பதிவுகள் முழுமையாக வந்தன. இரண்டு, இடையிடையே அறுந்து வந்தன. இரண்டு வரவே இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் நின்ற இடத்தில் அவர் குரல் அறுந்து, மீண்டும் கேட்டபோது ஊருக்குத் திரும்பும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இடையில் அவர் என்ன சொன்னார் என்பதை இனி ஒருவரும் அறியார். மாணவர் அந்த ஏழையும் இரண்டையும் பெற்றுக்கொண்டு, "இது போதும் சார்" என்றார். போதாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று முதல் பிழை திருத்தம் என்னும் பாடத்தை நான் நடத்தும் முறையே மாறிற்று. அதனை வெறும் கணக்காக அன்றி, ஒருவருக்கு ஒருவர் ஆற்றும் கடமையாகச் சொல்லத் தொடங்கினேன்.

மூன்று வட்டங்களும் ஏழு மாணவரும்

பிழை திருத்தும் குறிமுறைக்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர் ரிச்சர்டு ஹாமிங். 1940களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தின் ரிலே கணினியில் வார இறுதி நாள்களில் கணக்குகளை ஓட்டும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்தது. அக்கணினி பிழை நேர்ந்ததைக் கண்டறியும் ஆற்றல் உடையது. வார நாள்களில் பிழை கண்டால் பணியாளர் வந்து சரிசெய்வர். வார இறுதியில் ஆள் இல்லாமையால் அது அக்கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்கிற்குத் தாவிவிடும். திங்களன்று வந்து பார்த்தால் ஹாமிங்கின் கணக்கு முடியாமல் கிடக்கும். பிழை உண்டு என்று அறியும் இயந்திரம், அது எவ்விடத்தில் உண்டு என்றும் அறிந்து தானே ஏன் திருத்திக்கொள்ளக் கூடாது என்று அவர் வினவினார். அவ்வினாவின் விடை 1950இல் கட்டுரையாக வெளிவந்தது.

அவ்விடையை நான் வகுப்பில் ஒரு விளையாட்டாகச் செய்து காட்டுவதுண்டு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் வரைவோம். ஏழு கட்டங்கள் உண்டாகும். நடுக்கட்டம் மூன்று வட்டங்களுக்கும் பொது. அதனைச் சூழ்ந்த மூன்று கட்டங்கள் இவ்விரண்டு வட்டங்களுக்குப் பொது. வெளிக்கட்டங்கள் மூன்றும் ஒவ்வொரு வட்டத்திற்கே உரியவை. கட்டத்திற்கு ஒருவராக ஏழு மாணவர். உள்ளே உள்ள நால்வரே செய்தி. நின்றால் ஒன்று, அமர்ந்தால் சுழி. வெளியே உள்ள மூவர் காவலர். ஒவ்வொரு வட்டத்திலும் நிற்போர் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையும் வண்ணம் அவர்கள் நிற்கவோ அமரவோ வேண்டும்.

பிறகு ஒரு மாணவரை வெளியே அனுப்பிவிட்டு, எழுவரில் ஒருவரை மட்டும் மாற்றச் சொல்வேன். நின்றவர் அமர்வார், அல்லது அமர்ந்தவர் நிற்பார். வெளியே சென்றவர் வந்து வட்டங்களை எண்ணுவார். மூன்று வட்டங்களும் ஒற்றைப்படை எனில் நடுவில் உள்ளவர் மாறியிருக்கிறார். இரண்டு வட்டங்கள் ஒற்றைப்படை எனில் அவ்விரண்டிற்கு மட்டும் பொதுவானவர். ஒன்றே எனில் அதன் காவலர். மாறியவர் யார் என்பது கணப்பொழுதில் வெளிப்பட்டுவிடும். மாணவர் முகத்தில் அப்பொழுது தோன்றும் வியப்பு, ஆசிரியப் பணிக்குக் கிடைக்கும் ஊதியங்களுள் ஒன்று.

வியப்பு அடங்கியதும் இருவரை மாறச் சொல்வேன். எண்ண வந்தவர் இப்பொழுதும் தயங்காமல் ஒருவரைச் சுட்டுவார். ஆனால் சுட்டப்பட்டவர் குற்றமற்ற மூன்றாமவர்! திருத்தம் முடிந்தபோது பிழை இரண்டன்று, மூன்று. வகுப்பு சிரிக்கும். அச்சிரிப்பின் இடையே நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன்: பிழை ஒன்றாக இருக்கும்போதே திருத்துக, இரண்டாகும் வரை காத்திருந்தால் திருத்தமே புதுப்பிழையை உண்டாக்கும்.

எந்தக் குறிமுறைக்கும் இத்தகைய எல்லை உண்டு. எல்லை மட்டுமே வேறுபடும். 1959இல் பிரான்சின் அலெக்சி ஓக்கெங்ஹெமும், 1960இல் தனியாக ராஜ் சந்திர போஸும் திவிஜேந்திர குமார் ராய் சௌத்ரியும் பல பிழைகளை ஒருங்கே திருத்தும் ஒரு குறிமுறை இனத்தைக் கண்டனர். போஸ், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிப் பின் அமெரிக்காவின் வட கரோலினாவிற்குச் சென்ற கணித அறிஞர். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது 'பி.சி.எச்.' எனப்படுகிறது. பிளாஷ் நினைவகம் தோன்றுவதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே பிறந்த அக்கணிதம், பின்னாளில் கோடிக்கணக்கான பிளாஷ் சில்லுகளுக்குக் காவலாயிற்று. 1,024 பைட் செய்தியுடன் 70 பைட் காவல் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால், அப்பகுதியில் எந்த 40 பிட்டுகள் பிறழ்ந்தாலும் அவற்றைத் திருத்திவிடலாம். நாற்பது வரை முழுத் திருத்தம். அதனைக் கடந்தால் பொறுப்பேற்பார் இல்லை.

அதே 1960இல் ராபர்ட் காலகர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக இன்னும் ஆற்றல் மிக்க ஒரு குறிமுறையை அளித்தார். அன்றைய கணினிகளால் அதனைத் தாங்க இயலாமையால் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அது பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1990களின் நடுவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, இன்று எஸ்.எஸ்.டி. பலவற்றில் பயன்படுகிறது. உடனே பயன் தராத கல்வி வீண் என்று கூறுவோர்க்கு இவ்விரு வரலாறுகளையும் நான் எடுத்துக் கூறுவதுண்டு.

வருமுன் காத்தல்

திருத்துவதனினும் தடுப்பது சிறந்தது. பிழை பிறப்பதையே குறைக்கப் பல உத்திகள் உள்ளன.

எண்களை வரிசைப்படுத்தும் முறையே ஒரு காவல். வழக்கமான இரும எண் வரிசையில் 011க்கு அடுத்தது 100. நிலை ஒன்று தவறினால் மூன்று பிட்டுகளும் பிழையாகும். பெல் ஆய்வுக்கூடத்தின் பிராங்க் கிரே பெயரால் வழங்கும் வரிசையிலோ 000, 001, 011, 010, 110, 111, 101, 100 என அடுத்தடுத்த நிலைகள் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபடும். நிலை ஒன்று நழுவினாலும் பிழை ஒன்றோடு நிற்கும். செலவு ஏதுமின்றி, வரிசையை மாற்றியே இழப்பைக் குறைத்த இவ்வறிவு போற்றத்தக்கது.

எழுதும் சுமையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிப்பது மற்றொன்று. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அவ்விடம் விரைவில் மடியும். ஆகவே கட்டுப்பாட்டுச் சில்லு, குறைவாக உழைத்த இடத்தைத் தேடி அங்கு எழுதுகிறது. ஒருவர் மீதே பாரமெல்லாம் ஏற்றாத குடும்பம் நெடுநாள் வாழ்வதைப் போன்றது இது.

எலக்ட்ரான்கள் சற்றுக் கசிந்த பின், பழைய கோட்டை வைத்தே அளப்பது அறிவுடைமை ஆகாது. கோட்டைச் சிறிது கீழிறக்கி மீண்டும் படித்துப் பார்த்தால், பிழை எனத் தோன்றியவற்றுள் பல சரியாக வந்துவிடும். மாணவரின் அட்டையை மீண்டும் மீண்டும் படித்தபோது சில பகுதிகள் உயிர் பெற்று வந்ததற்கு இத்தகைய மறுபடிப்பும் துணை செய்திருக்கக்கூடும்.

இவை யாவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட உத்தி மிகவும் எளியது. 2012இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூ காய், ஓனுர் முட்லு முதலியோர், எழுதியதை அவ்வப்போது படித்து, பிழை திருத்தி, புதிதாக எழுதிவிட்டால் நினைவகத்தின் வாழ்நாள் பெரிதும் நீளும் என்று காட்டினர். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பிழைக் கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். நாற்பதை எட்டும் முன் திருத்திவிட்டால் நாற்பத்தொன்று வருவதே இல்லை.

சுவடியில் உள்ள காவல்

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தி அன்று. ஓலைச்சுவடி நிலையானது அன்று, செல்லரிக்கும், ஒடியும். நம் இலக்கியம் இன்று வரை வாழ்வது ஓலையின் வலிமையால் அன்று; அது சிதையுமுன் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதிய கைகளின் விழிப்பால்.

பெயர்த்தெழுதும்போது பிழை நேரும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். அவ்வாறிருந்தும் கற்றவர் சரியாகப் படித்தனர். எவ்வாறு? சீரும் தளையும் தவறினால் ஓசை கெடும். எதுகை பிறழ்ந்தால் செவி சுட்டிக்காட்டும். அந்தாதியில் ஒரு செய்யுள் விடுபட்டால் தொடர் அறுந்து நிற்கும். அழகுக்காக அமைந்தன என்று நாம் கருதும் யாப்பின் உறுப்புகள், ஹாமிங்கின் வட்டங்களில் நின்ற மூன்று காவலரைப் போல் பிழை காட்டும் பணியையும் ஆற்றி வந்துள்ளன. காவலாக நின்றது ஒரு சொல்லுக்குத் தேவையான அளவினும் சற்றே மிகுதியாகச் சொன்ன அந்த மிகை.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் சுவடிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டுப் பாடம் கண்டார். ஒரு சுவடியில் நேர்ந்த பிழை மற்றொன்றில் நேர்ந்திராது என்பதே அவ்வொப்பீட்டின் அடிப்படை. படிகள் பல இருந்தமையால் திருத்த முடிந்தது. ஒரே ஒரு படியாக இருந்து செல்லரித்த நூல்களின் பெயரை மட்டும் நாம் அறிவோம்.

நாம் செய்யத்தக்கன

தர நிர்ணய அமைப்பாகிய ஜெடெக் வகுத்த அளவு ஒன்றைப் பெரியோர்களும் மாணவர்களும் அறிந்து வைத்தல் நன்று. தனியார் பயன்பாட்டிற்கான எஸ்.எஸ்.டி. ஒன்று தனக்கு விதித்த எழுதும் அளவு முழுவதையும் உழைத்து முடித்த பின், மின்சாரம் இன்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு செய்தியைக் காத்தால் போதும் என்பது அவ்வளவு. புதிய சில்லு இதனினும் பன்மடங்கு காலம் காக்கும். ஆனால் நம் ஊர்க் கோடையில் பரணும் இரும்பு அலமாரியும் 30 பாகையோடு நிற்பதில்லை என்பதை நினைவில் கொள்க.

ஆதலின், வீட்டுப் பெரியோர் குரல், திருமணப் படங்கள், ஊர் வரலாற்றுக் குறிப்புகள் முதலியவற்றை ஒரே பென் டிரைவில் இட்டுப் பூட்டி வைத்தல் கூடாது. வேறுவேறு இடங்களில் மூன்று படிகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வன்தட்டு போன்ற வேறு வகைச் சேமிப்பில் இருப்பது நலம். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். மின்சாரத்தில் செருகிப் பார்ப்பது மட்டும் போதாது. படித்தல் பிழையைக் காட்டும். கசிந்த எலக்ட்ரான்களை அது மீட்டுத் தராது. எனவே படியை வேறிடத்தில் இறக்கி, சரிபார்த்து, மீண்டும் புதிதாக எழுதுக. ஆண்டுக்கு ஒரு முறை எழுதுவதால் வரும் தேய்மானம் மிகச் சிறிதே.

மாணவர்காள்! உங்களில் சிலர் நாளை நினைவகச் சில்லுகளை வடிவமைக்கக்கூடும்; சிலர் சுவடிகளைப் பதிப்பிக்கக்கூடும்; பலர் இவ்விரண்டும் செய்யாது இல்லறம் நடத்துவீர்கள். யாவராயினும் ஒன்றை மறவாதீர். பிழையே நேராத நினைவகத்தை எந்த அறிஞரும் ஆக்கவில்லை. பிழை நேரும் என்பதை ஒப்புக்கொண்டு, மிகையாகச் சில எழுத்துகளைத் துணைக்கு வைத்து, உரிய காலத்தில் எடுத்துப் பார்த்துத் திருத்துவோர் கையில்தான் செய்தி வாழ்கிறது. 'அழியா நினைவகம்' என்னும் பெயரில் உள்ள அழியாமை சில்லுக்கு உரியதன்று. அதனைப் பேணுவோரின் அயரா விழிப்புக்கே உரியது.

உங்கள் வீட்டில் சொல்ல வேண்டிய கதைகளோடு ஒருவர் இன்னும் அமர்ந்திருப்பாரானால், இன்று மாலையே அவர் அருகில் சென்று அமருங்கள். கேளுங்கள், பதிவு செய்யுங்கள், படியெடுங்கள், அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்துக் கேளுங்கள்.